இரைச்சல் தின்னும் செவிகள்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டில் தோன்றியது. ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையோ 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை நாட்டிற்கு அளித்தது. இவற்றால் மேற்குச் சென்னை வாழ்வு பெற்றதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் தகடு வெட்டும் பிரஸ்களுக்கும் சாணைப் பொறிகளுக்கும் இடையே முப்பதாண்டு உழைத்தவரின் செவியைப் பற்றி நாம் போதிய அளவு பேசியதில்லை.

செவிட்டுத் தன்மை என ஒரே சொல்லால் நாம் குறிப்பது உண்மையில் இருவகைப்படும். புறச்செவியிலோ நடுச்செவியிலோ ஒலி தடைப்படுவது ஒன்று. குறும்பி அடைப்பு, சீழ், செவிப்பறைத் துளை ஆகியன இதன் காரணங்கள்; பெரும்பாலும் தீர்க்கக் கூடியவை. (கோழி இறகால் குடைந்து எண்ணெய் ஊற்றும் கைவைத்தியத்தை நம் இல்லங்கள் இன்னும் கைவிடவில்லை என்பது வருந்தத்தக்கது.) உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிவது மற்றொன்று. பிறவிக் குறை, முதுமை, மூளைக்காய்ச்சல், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள், இடையறாத இரைச்சல் ஆகியவற்றால் இது நேரும். அழிந்த அச்செல்கள் மீண்டும் முளைப்பதில்லை.

இரைச்சல் முதலில் பறிப்பது உயர் அதிர்வெண் ஒலிகளை. மொழி பயில்வோர் இதனை ஊன்றி நோக்க வேண்டும். உயிரொலிகளும் மெல்லினமும் நன்கு கேட்கும். இலக்கணம் வல்லினம் என்று பெயரிட்டவையே முதலில் நழுவும். ‘படி’, ‘கடி’, ‘தடி’ மூன்றும் ஒன்றாகிவிடும். பேசுவது கேட்கிறது, விளங்கவில்லை என்பார் அவர். வீட்டாரோ அவர் கவனியாதிருக்கிறார் எனச் சினப்பர்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதனை அறிவிக்கத்தக்க நோய்களுள் ஒன்றாக வைத்தது. 2020ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புத் தொகுப்பும் அவ்வாறே கொண்டுள்ளது. எட்டு மணி நேரப் பணிக்கு நம் நாட்டில் கொள்ளப்பட்ட வரம்பு 90 டெசிபல். பிற நாடுகள் பலவற்றில் 85. இவ்வேறுபாடு சிறிதன்று. மூன்று டெசிபல் கூடினாலே ஒலியாற்றல் இருமடங்காகிறது.

எனினும் சட்டத்தினும் பெரிய இடர் சான்றின்மையே என்பது நம் கருத்து. பணியில் சேரும் நாளில் செவித்திறனை அளவிடாதவர், பின்னர் இழந்ததை எதைக் கொண்டு நிறுவுவார்? பட்டறை விட்டுப் பட்டறை மாறும் ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. செவியடைப்பானைக் கொடுத்துக் கையொப்பம் பெறுவதோடு முதலாளியின் கடமை முடிந்துவிடாது. சேரும்போதும், பின்னர் ஆண்டுதோறும் செவித்திறன் சோதனை நடத்தி, அதன் படியொன்றைத் தொழிலாளியின் கையிலேயே தருதல் வேண்டும். அப்படியைக் கேட்டுப் பெறுமாறு தந்தைக்கும் தமையனுக்கும் எடுத்துரைக்க நம் மாணவர்களே தக்கவர்கள்.