மதிலுக்கு வெளியே வரும் அலை

திருச்சி கே.கே. நகரில் மாநகர ஆயுதப்படை மைதானம் இருக்கிறது. அதைச் சுற்றி வீடுகளும் கடைகளும். அதே வட்டாரத்தில் விமான நிலையம், மத்திய சிறை. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் 1966-இல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை. காவல் போட்டுப் பாதுகாக்கும் இடங்கள் இவ்வளவு நெருங்கியிருக்கும் ஊரில், அவற்றுக்குள் வைஃபை போடுவதை ஏ.சி. மாட்டும் வேலையாக நினைத்துவிடக் கூடாது. அந்த அலை மதிலோடு நிற்பதில்லை. எதிர்வீட்டு மொட்டைமாடியிலும் கிடைக்கும். நல்ல ஆன்டெனா இருந்தால் அதற்கும் அப்பால் கிடைக்கும்.

இது வெறும் பயம் அல்ல. 2018 ஏப்ரலில் நெதர்லாந்தின் ஹேக் நகரில், இரசாயன ஆயுதத் தடை அமைப்பின் தலைமையகத்தை அடுத்த ஓட்டலில் ஒரு கார் நின்றது. அதன் டிக்கியில் வைஃபையை ஊடுருவும் கருவிகள். ஆன்டெனா அந்த அலுவலகத்தைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. ரஷ்ய ராணுவ உளவுத்துறையினர் நால்வரை நாட்டைவிட்டு அனுப்பியது நெதர்லாந்து. மதிலேறிக் குதிக்கும் அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை.

ஆகவே நம் நிலை இது: ரகசியக் கோப்புகள் நடமாடும் வேலை வலையமைப்பில் வைஃபையே இருக்கக் கூடாது. அது கேபிளில் மட்டும் ஓடட்டும். கண்காணிப்புக் கேமராவுக்கும் இதே விதிதான். வைஃபை கேமராவின் இணைப்பை வெளியிலிருந்தே துண்டிக்க வழிகள் உண்டு; தேவையான நேரத்தில் திரை இருண்டுபோனால் அந்தக் கேமரா எதற்கு?

வலையமைப்புகளைப் பிரித்து வைப்பதன் அருமையைக் கூடங்குளம் அணுமின் நிலையம் காட்டியது. 2019-இல் அங்கே நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைந்திருந்த கணினி ஒன்றில் தீநிரல் புகுந்தது. அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பை இணையவழியில் தாக்கவே முடியாது என்று அறிக்கை வந்த மறுநாள், அக்டோபர் 30-ஆம் தேதி, தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. முக்கியமான உள்வலையமைப்பு தனியாக இருந்தது என்றும் சொன்னது. அங்கே நுழைந்தது வைஃபை வழியாக என்று நாம் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே கேள்வி.

அதற்காக ஒரேயடியாகத் தடை போடுவதையும் ஏற்க மாட்டோம். பந்தோபஸ்து முடிந்து வரும் காவலர், பிள்ளையின் முகத்தை வீடியோ அழைப்பில் பார்க்க நினைப்பது நியாயம். அதற்கு வழி இல்லையென்றால் ஆளுக்கொரு ஹாட்ஸ்பாட் முளைக்கும். ஒருநாள் அவசரத்தில் அலுவலகக் கணினியும் அதில் ஏறிவிடும். அப்போது எந்தப் பதிவிலும் அது இருக்காது. ஓய்வறைக்கும் குடியிருப்புக்கும் தனி இணைப்பு, தனி ரூட்டர் கொடுங்கள். ஒரே ரூட்டரில் இரண்டு பெயர் வைத்துவிட்டுப் பிரித்தாயிற்று என்று சொல்லாதீர்கள். அமைப்பில் ஒரு பிழை வந்தால் இரண்டும் கலந்துவிடும். சுவரில் ஒட்டிவைக்கும் பொதுக் கடவுச்சொல்லும் வேண்டாம். மாற்றலாகிப் போகிறவரோடு அதுவும் போகிறது. ஆளுக்கொரு கணக்கு இருந்தால் போனவர் கணக்கை அன்றே மூடிவிடலாம்.

2008 அகமதாபாத் குண்டுவெடிப்புக்கு முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பாதுகாப்பில்லாமல் கிடந்த வீட்டு வைஃபை வழியாகப் போனது. அதன்பிறகு 2009-இல் தொலைத்தொடர்புத் துறை விதிகள் போட்டது. பொது இடத்தில் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தபிறகே இணைப்பு கிடைப்பது அதனால்தான். ஆனால் யார் உள்ளே வந்தார் என்பதோடு அந்த விதிகள் நின்றுவிடுகின்றன. வந்தவர் எதுவரை போக முடியும் என்பதை வைஃபை அமைப்பவரோடு போடும் ஒப்பந்தம்தான் தீர்மானிக்க வேண்டும்.

அங்கேதான் கோட்டை விடுகிறோம். குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்றால், மென்பொருளைப் புதுப்பிக்கும் செலவை அவர் எங்கிருந்து எடுப்பார்? வைஃபையின் பூட்டு முறையிலேயே ஓட்டை இருப்பது 2017-இல் தெரிந்தது. புதுப்பிக்காத கருவியில் அது அப்படியே கிடக்கும். எனவே எத்தனை ஆண்டுக்கு யார் புதுப்பிப்பது என்பது டெண்டரிலேயே இருக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும், ஊடுருவலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் ஒன்றிய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் இட்ட உத்தரவை யார் நிறைவேற்றுவது என்பதும் பெயர் போட்டு எழுதப்பட வேண்டும்.

வேலை முடிந்ததும் அலுவலகத்திலிருந்து ஒருவர் கைபேசியோடு மதிலின் வெளிப்புறத்தைச் சுற்றி நடக்கட்டும். சிக்னல் எங்கெல்லாம் எட்டுகிறது என்று வரைபடத்தில் குறிக்கட்டும். தேவைக்கு மேல் எட்டும் இடத்தில் ரூட்டரின் திறனைக் குறைக்கச் சொல்லட்டும். அந்த வரைபடம் கோப்பில் சேராமல் கடைசித் தவணைப் பணம் போகக் கூடாது.