சராசரியில் புதையும் பழுது

இயந்திர அதிர்வை ஆராய ஃபூரியர் உருமாற்றமே போதும், தகவமைப் பிரிப்பு முறைகள் ஆடம்பரம் என்கிறார் ஒரு கட்டுரையாளர். சீரான வேகத்தில் சுழலும் பம்புக்கு அது சரி. பட்டினப்பாக்கம் கரையிலிருந்து அலையேறிச் செல்லும் ஃபைபர் படகின் இன்ஜினுக்கு? சுமையும் வேகமும் நொடிக்கு நொடி மாறுகின்றன. முழுப் பதிவையும் ஒன்றாக ஃபூரியரில் இட்டால் அதிர்வெண் கோடுகள் பரவி மங்கும். பேரிங் விரிசலின் சிறு துடிப்பு அதில் புதைந்துபோகும்.

1998இல் நார்டென் ஹுவாங் குழு முன்வைத்த தகவமைப் பிரிப்பு முறை, கூறுகளை அதிர்வுச் சமிக்ஞையிலிருந்தே பிரித்தெடுக்கிறது. கூறுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும் குறை அதற்கு உண்டுதான். அதைக் குறைக்கவே, இரைச்சலைச் சேர்த்துச் சராசரி காணும் முறை 2009இல் வந்தது. குறைகளைத் திருத்துவோம்; கருவியையே ஒதுக்க வேண்டாம். நடுக்கடலில் இன்ஜினை நம்பியிருக்கும் மீனவருக்கு, பழுதை முன்கூட்டியே அறிய உதவும் வழி ஆடம்பரம் அல்ல.