கூலியை இழக்காமல் மின்தொழில் கற்போம்

பால்வெட்டுக் கத்தியை நம்பிப் பிழைத்தது போதும், கைத்தொழில் ஒன்று வேண்டும் என்று நம் இளைஞர்கள் பலர் எண்ணத் தலைப்பட்டிருக்கின்றனர். அவர்களுள் மின்தொழிலை நாடுவோர் தொகை குறைவன்று. இந்த எண்ணத்தை நாம் மனமார வரவேற்கிறோம். ரப்பர் அழிந்து செம்பனை வந்ததையும், பின்னர் அந்த நிலத்திலேயே வீடமைப்புத் திட்டங்கள் எழுந்ததையும் பேராக் தோட்டங்களில் கண்ணாரக் கண்டவர்கள் நாம். லயத்தை விட்டு வெளியேறும் நாள் வந்தபோது, கையில் தொழில் இருந்தவன் நிமிர்ந்து நின்றான், இல்லாதவன் அலைந்தான். ஆகவே, கற்க வேண்டுமா என்பது இனிக் கேள்வியன்று. எந்த வழியில் கற்பது என்பதே கேள்வி.

பேராக் ஆற்றின் செண்டரோ அணை 1930-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் தந்தது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் அந்தச் சக்தியால் இயங்கின. அதற்குப் பின்னும் நெடுங்காலம் எத்தனையோ லயங்களில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. தோட்டத்து இஞ்சின் ஓடிய சில மணி நேரம் மட்டும் பல்பு எரிந்த காலத்தை நம் மூத்தவர்கள் மறக்கவில்லை. மின்சாரம் நம்மிடம் கடைசியாக வந்து சேர்ந்தது. மின்தொழில் சான்றிதழும் அவ்வாறே கடைசியாக வந்து சேர நாம் இடங்கொடுக்கலாகாது.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். இத்தொழிலில் இரண்டு வகைத் தாள்கள் உண்டு. ஒன்று, எஸ்.கே.எம். என்று வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழ். இதை மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறை, 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்படி வழங்குகிறது. மற்றொன்று, எரிசக்தி ஆணையம் வழங்கும் தகுதிச் சான்றிதழ். இது 1990-ஆம் ஆண்டின் மின்விநியோகச் சட்டத்தையும் 1994-ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குவிதிகளையும் சார்ந்தது. வயர்மேன், சார்ஜ்மேன் என்று நாம் சொல்வது இந்தத் தகுதிச் சான்றிதழ் பெற்றவர்களைத்தான். ஒரு கட்டடத்தின் வயரிங் வேலை முறைப்படி முடிந்தது, சோதித்தாகிவிட்டது என்று கையெழுத்திடத் தகுதி பெற்ற வயர்மேன் வேண்டும். ஆலையின் மின் அமைப்பைப் பொறுப்பேற்று இயக்கச் சார்ஜ்மேன் வேண்டும்.

திறன் சான்றிதழ் வேலை தேட உதவும். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு வயர்மேனாகக் கையெழுத்திட இயலாது. இந்த வேறுபாட்டை அறியாமல் பணத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் வருந்துவோர் உண்டு. ஆகவே, எந்த வகுப்பில் சேருமுன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். முடிவில் கிடைப்பது எந்தத் தாள்? அதன்பின் தகுதிச் சான்றிதழ் பெற இன்னும் என்ன அனுபவமும் என்ன தேர்வும் வேண்டும்? விடையை எரிசக்தி ஆணையத்திடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வகுப்பு நடத்துபவரின் விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். சில நாட்களில் வயர்மேன் ஆக்கிவிடுகிறோம் என்பவர் தருவது பெரும்பாலும் வெறும் வருகைச் சான்றாகவே இருக்கும்.

இனி வழிகளைப் பார்ப்போம். திறன் சான்றிதழுக்கு மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் சேர்ந்து படிப்பது. ஈப்போவில் மனிதவளத் துறையின் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. எஸ்.பி.எம். முடித்து வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு இது சிறந்த வழி. அவர்களைத் தயங்காமல் அனுப்புங்கள். ஆனால் குடும்பச் சுமை தாங்குபவனுக்கு முழுநேரப் படிப்பு எளிதன்று. 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் ஓராண்டு வேலையை விட்டால் குடும்பம் இழப்பது 20,400 வெள்ளி. கட்டணத்திற்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடன் கிடைக்கலாம். அரிசிக்கும் பருப்புக்கும் யார் கடன் தருவார்?

இரண்டாம் வழி, எஸ்.எல்.டி.என். எனப்படும் தேசிய இரட்டைப் பயிற்சி முறை. 2005-ஆம் ஆண்டில் தொடங்கிய இம்முறையில், பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலேயே நடைபெறும். மீதம் வகுப்பில் நடைபெறும். வாரத்தில் ஓரிரு நாள் வகுப்புக்குப் போகலாம். அல்லது சில வாரங்கள் சேர்ந்தாற்போல் போகலாம். வேலையை விடாமல் கற்க விரும்பும் இளைஞனுக்கு இதுவே ஏற்ற வழி என்பது நம் கருத்து. ஆனால் முதலாளியின் சம்மதமின்றி இது நடவாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், வகுப்பு நாட்களுக்குப் படியோ சம்பளமோ உண்டா, பயிற்சிக்குப் பின் எத்தனை ஆண்டு அங்கேயே கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படிக்கத் தெரியாத இடத்தில் சங்கத்திடம் காட்டுங்கள். வாய்ச்சொல் நாளை நிற்காது.

மூன்றாம் வழி, முன்பே வேலை தெரிந்தவர்களுக்கானது. வகுப்பில் அமராமலே, செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டாளர் முன் திறமையை மெய்ப்பித்துத் திறன் சான்றிதழ் பெறலாம். பி.பி.டி. என்று இதற்குப் பெயர். தோட்டத்து ரப்பர் ஆலையிலும் செம்பனை ஆலையிலும் மின்வேலைக்கு உதவியாளாகப் பல்லாண்டு உழைத்து, மோட்டாரைக் கழற்றவும் பூட்டவும் தெரிந்திருந்தும், கையில் துண்டுத் தாள்கூட இல்லாதவர்கள் எத்தனை பேர்! அவர்கள் இந்த வழியைக் கட்டாயம் நாட வேண்டும்.

இங்கேதான் கிராணிமார்களுக்கு ஒரு சொல். ஆதாரம் என்பது எங்கிருந்து வரும்? ஆபீஸிலிருந்துதான் வரும். பகலெல்லாம் சுவிட்ச்போர்டருகே நின்றவனுக்குச் செக்ரோலில் ‘பொது வேலை’ என்று பேர் போட்டால், அவனுடைய பத்தாண்டு உழைப்பு காகிதத்தில் பூஜ்யமாகிவிடும். அவன் செய்த வேலையை உள்ளபடி எழுதுங்கள். தேதியோடு, வேலையின் பெயரோடு ஓர் அத்தாட்சிக் கடிதத்தைத் தயாரித்து மானேஜரின் கையெழுத்துக்கு வையுங்கள். இதற்கு மசியும் தாளும் தவிரச் செலவில்லை. ஒரு குடும்பத்தின் தலையெழுத்து இதனால் மாறலாம்.

அடுத்து முதலாளிமார்களுக்கு. மனிதவள மேம்பாட்டு நிதிச் சட்டத்தின்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளி, அவர்கள் சம்பளத்தில் 1 விழுக்காட்டுக்குச் சமமான தொகையை நிதிக்குச் செலுத்த வேண்டும். 2021-ஆம் ஆண்டில் இது விவசாயத் துறைக்கும் விரிவாக்கப்பட்டது. இந்தத் தொகை முதலாளி தருவது, கூலியில் பிடிப்பதன்று. 1,700 வெள்ளி பெறும் 40 பேர் இருந்தால் மாதம் 680 வெள்ளி, ஆண்டுக்கு 8,160 வெள்ளி ஆகிறது. தொழிலாளர் பயிற்சிக்கென்றே சேரும் பணம் இது. அலுவலர்களின் ஓட்டல் கருத்தரங்குகளுக்கே அது செலவாகுமானால், நம் பிள்ளைகளின் பங்கு எங்கே? ஒவ்வொரு கிளையும் இக்கேள்வியை நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். கேட்டதையும் பெற்ற பதிலையும் கூட்டக் குறிப்பில் பதிய வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்ப்பள்ளியில் படித்தவனுக்கு மின்தொழில் வராது என்பது வீண் பேச்சு. மின்சாரத்துக்கு மொழி கிடையாது. ஆயினும் வகுப்பும் தேர்வும் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடைபெறுவதால், தொழிற் சொற்களை அம்மொழிகளில் அறிந்தே ஆக வேண்டும். கிளைகள் வாரம் இரு இரவு இதற்கு ஒதுக்கலாம். முன்னரே தேறிய தோழர் ஒருவர் முன்வந்தால் போதும். பத்துப் பேர் கரையேறுவர்.

ஓர் எச்சரிக்கை. கற்கும் ஆர்வத்தில் தகுதி பெற்றவர் பக்கத்தில் இல்லாதபோது ஓடும் கரண்டில் கை வைக்காதீர்கள். நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் உயிரைக் குடிக்கப் போதுமானது. மேலாள் அவசரப்படுத்தினாலும் மெயினை அடைக்காமல் வேலையைத் தொட மறுக்கலாம். அந்த மறுப்பில் சங்கம் உங்கள் பக்கம் நிற்க வேண்டும், நிற்கும்.

முடியுமா என்று மலைப்போருக்கு ஒன்று சொல்வோம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு தோட்டங்களே வாங்கப்பட்டன. நிலத்தையே வாங்கிக் காட்டிய சமுதாயம், ஒரு சான்றிதழைப் பெற்றுக் காட்ட மாட்டாதா?

தோழர்களே! அடுத்த கிளைக் கூட்டத்திலேயே மின்தொழில் கற்க விரும்புவோரின் பெயர்ப்பட்டியல் தயாராகட்டும். யாருக்கு எந்த வழி பொருந்தும் என்பதை அங்கேயே பிரித்துப் பாருங்கள். பள்ளி முடித்தவனுக்குப் பயிற்சி நிலையம். வேலையிலிருக்கும் இளைஞனுக்கு இரட்டைப் பயிற்சி. தொழில் தெரிந்தும் தாளில்லாத மூத்தவனுக்கு அனுபவ அங்கீகாரம். மூவருக்கும் இலக்கு ஒன்றே: சட்டம் ஏற்கும் தகுதிச் சான்றிதழ். அதுவரை எவர் வீட்டு அடுப்பும் அணையாமல் காப்பது சங்கத்தின் கடமையாகும்.