மூன்றாம் மணி ஒலித்த பின்னர்

வங்கிப் பணியில் இருப்போருக்கு இடமாற்றம் என்பது ஊதியத்தோடு சேர்ந்தே வருவது. பாலக்காடு, மும்பை, வாராணசி எனப் பல ஊர்களில் நாம் பணியாற்றியிருக்கிறோம். பகல் முழுவதும் கணக்கும் கடனுமாகக் கழியும். மாலையில் அந்தந்த ஊரின் கலை நிகழ்ச்சிகளைக் காண்பதே நமக்கு வாய்த்த இளைப்பாறுதல். அங்குக் கண்டவை நமது அலுவலுக்கும் பயன்படும் என்று அப்போது நாம் எண்ணியதில்லை. ஒரு தவறுதான் அதனை நமக்கு உணர்த்தியது.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பொறுப்பு வகித்த ஒரு கிளையில் சிறுதொழில் புரிவோருக்கான வாடிக்கையாளர் கூட்டம் ஒன்றை ஏற்பாடு செய்திருந்தோம். மாலை 4 மணிக்கு என்று அறிவித்தோம். 80 பேர் உரிய நேரத்தில் வந்து அமர்ந்துவிட்டனர். சிறப்பு விருந்தினர் 4.40-க்கு வந்தார். பின்னர் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை என்று ஒவ்வொன்றாக நீண்டு, வாடிக்கையாளர்கள் வினவும் நேரம் வந்தபோது மணி ஆறேகால். இருக்கைகளில் பாதி காலியாகிவிட்டன. அதற்கு இரு வாரங்கள் கழித்துத் தையற்கூடம் நடத்தும் ஒரு பெண்மணி கிளைக்கு வந்தார். இரண்டு இயந்திரங்கள் வாங்க வெளியில் கடும் வட்டிக்குக் கடன் பெற்றுவிட்டதாகக் கூறினார். “பிணையில்லாத முத்ரா கடன் பற்றி அன்றே கேட்க வேண்டுமென்று தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தேன் ஐயா. கேட்கும் நேரம் வருவதற்குள் கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது” என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுவே நம்மை மிகவும் வருத்தியது.

80 பேர் 40 நிமிடம் காத்திருந்தால் மொத்தம் 3,200 நிமிடங்கள். அதாவது 53 மணி நேரத்துக்கும் மேல். ஒருவருடைய ஆறரை நாள் உழைப்புக்கு அது ஈடு. நமது கணக்கேடுகள் எதிலும் இச்செலவு பற்று வைக்கப்படுவதில்லை. ஆனால் கடையைப் பூட்டிவிட்டு வந்தவர் அதனைத் தம் கையிலிருந்து செலுத்தியிருக்கிறார்.

கலை நிகழ்ச்சியிலிருந்து தொழில் உலகம் பாடம் கற்க வேண்டும் என்று இந்நாளில் பலரும் கூறுகின்றனர். அதன் பொருளைப் பெரும்பாலோர் பிழையாகவே கொள்கின்றனர். விற்பனை முகவர் கூட்டங்களில் வண்ண விளக்குகள், இன்னிசைக் குழு, நகைச்சுவைப் பேச்சாளர், ஆளுயர ஒளித்திரை என்று பெருந்தொகை செலவிடப்படுகிறது. மேடையின் பகட்டை இவ்வாறு இரவல் வாங்குகிறோம். மேடையின் ஒழுங்கை அங்கேயே விட்டுவிடுகிறோம். செலவு வைப்பது பகட்டு, ஒழுங்கோ இலவசம். இலவசமானதை விட்டு விலையுள்ளதைத் தேர்வது வணிகத்துக்கு அழகன்று.

அழைப்பே முதல் காட்சி

கேரளத்தில் இரவு கதகளி நடைபெறவிருக்கும் இடத்தில், அந்திப் பொழுதில் செண்டையும் மத்தளமும் சேங்கிலையும் இலைத்தாளமும் சேர்ந்து முழங்கும். ‘கேளிகொட்டு’ என்பது அதன் பெயர். இன்றிரவு இங்கே ஆட்டம் உண்டு என்று சுற்றுப்புறத்தாருக்கு அது அறிவிக்கும். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னரே காண்போரின் மனம் ஆயத்தமாகிவிடுகிறது.

நமது கூட்ட அறிவிப்புகளோ ‘அனைவரும் தவறாது கலந்துகொள்ளவும்’ என்பதோடு முடிந்துவிடுகின்றன. எதற்காக, எதனைக் கையில் கொண்டு, எத்தனை மணிக்கு முடியும் என்ற விவரம் இருப்பதில்லை. நிறுவனங்கள் சட்டம் 2013 பொதுக்கூட்டத்துக்கு 21 முழு நாட்களுக்கு முன் அறிவிப்பு வேண்டும் என்கிறது. இடம், நாள், நேரம், நடைபெறவிருக்கும் அலுவல் ஆகியவற்றை அதில் குறிப்பிட வேண்டும் என்றும் விதிக்கிறது. வணிகவியல் மாணவராக இதனை மனப்பாடம் செய்தபோது வெறும் சடங்கு என்றே எண்ணினோம். எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று முன்பே அறிந்தவரே ஆயத்தமாக வர இயலும் என்ற எளிய உண்மை அவ்விதிக்குள் இருப்பது பின்னரே புலப்பட்டது. பத்துப் பேர் கூடும் கூட்டத்துக்கும் அது பொருந்தும்.

மணிக்குக் கட்டுப்படுதல்

மும்பை ஜுஹுவில் 1978-இல் திறக்கப்பட்ட பிருத்வி தியேட்டர், ஏறத்தாழ 200 பேர் மட்டுமே அமரக்கூடிய சிறிய அரங்கு. நாடகம் தொடங்கிய பின் வருவோருக்கு அனுமதி இல்லை என்பது அங்கு உறுதியாகக் கடைப்பிடிக்கப்படும் விதி. மராட்டிய நாடக உலகிலும் ‘தீஸ்ரீ கண்டா’ எனப்படும் மூன்றாம் மணிக்குத் தனி மதிப்பு உண்டு. முதல் இரண்டு மணிகள் எச்சரிக்கை; மூன்றாவது ஒலித்தால் திரை விலகும்.

ஒருமுறை நாமே அந்த அரங்கின் வாயிலில் தாமதமாகச் சென்று நின்று, உள்ளே விடப்படாமல் திரும்பியிருக்கிறோம். அன்று எழுந்த சினம் வீடு சேர்வதற்குள் தணிந்தது. உரிய நேரத்தில் வந்து அமர்ந்த பார்வையாளரின் பக்கமே அவ்விதி நிற்கிறது என்பது விளங்கியது. நமது கூட்டங்களில் நேர்வது இதற்கு மாறானது. தாமதித்தவருக்காகக் காத்திருக்கிறோம், நேரம் காத்தவரைத் தண்டிக்கிறோம். அடுத்த முறை அவரும் தாமதமாகவே வருவார். விருந்தினர் எத்துணைப் பெரியவராயினும் கூட்டத்தைக் குறித்த நேரத்தில் தொடங்கிவிட வேண்டும். அவர் வந்ததும் வரவேற்றுக்கொள்ளலாம். இதனால் அவருக்கு மரியாதைக் குறைவு நேர்ந்ததாக நமது அனுபவத்தில் எவரும் கருதியதில்லை.

எதனை எங்கே வைப்பது

அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் வகுத்தளித்த கச்சேரி முறையை இசை அன்பர்கள் அறிவர். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சில உருப்படிகளால் அவையை ஈர்த்து, கேட்போரின் செவி கனிந்த வேளையில் விரிவான ஆலாபனையோடு முதன்மை உருப்படியை வழங்கி, தனி ஆவர்த்தனத்தில் தாள வாத்தியத்தாருக்கு இடமளித்து, பின்னர் எளிய துக்கடாக்களோடு மங்களம் பாடுவது அம்முறை.

கூட்டம் திட்டமிடுவோருக்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை. கடினமான முடிவைத் தொடக்கத்திலேயே எடுத்துவைத்தால் அவை இன்னும் ஒருமுகப்படாமல் இருக்கும். இறுதிக்குத் தள்ளினால் களைத்திருக்கும். ஆகவே அதற்குரிய இடம் நடுப்பகுதி. தனி ஆவர்த்தனம் கற்பிப்பதும் ஒன்றுண்டு. தலைமைப் பாடகர் தாளமிட்டபடி அமர்ந்திருக்க, பக்க வாத்தியக்காரர் மேடையை ஆள்கிறார். அதனால் பாடகரின் பெருமை குறைவதில்லை. கிளை மேலாளரே அனைத்தையும் பேசுவதைக் காட்டிலும், கடன் பிரிவில் அன்றாடம் விண்ணப்பங்களைப் பார்க்கும் இளம் அலுவலர் பத்து நிமிடம் பேசினால் வாடிக்கையாளருக்குத் தெளிவு பிறக்கும். அடுத்த நாள் யாரிடம் செல்ல வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஏடு யார் கையில்

வாராணசிக்கு எதிர்க்கரையில் உள்ள இராம்நகரில், ஏறத்தாழ ஒரு மாத காலம் நடைபெறும் இராம்லீலாவில் ஒலிபெருக்கி இல்லை, மின்விளக்கு இல்லை. ஒவ்வொரு காட்சிக்கும் ஒவ்வோர் இடம். நடிகரோடு மக்களும் நடந்து செல்வர். அப்பெருங்கூட்டத்தை நடத்திச் செல்வோர் ‘வியாசர்’ எனப்படுவர். கையில் ஏட்டை வைத்துக்கொண்டு நடிகர்க்கு உரையாடலை எடுத்துக்கொடுப்பார்கள். உரையாடல் தொடங்குமுன் ‘அமைதி, கவனம்’ என்று பொருள்படும் குரல் எழும், கூட்டம் அடங்கிவிடும்.

அரசர் வேடம் பூண்டவரும் வியாசரின் குறிப்புக்குக் காத்திருப்பார். நமது கூட்டங்களில் இத்தகையவர் ஒருவரேனும் உண்டா? தலைவர் இருப்பார், தொகுத்து வழங்குபவர் இருப்பார். பேச்சாளரிடம் ‘நேரம் முடிந்தது’ என்று கூறும் அதிகாரம் மட்டும் எவரிடமும் இராது. பதவியில் இளையவரானாலும் ஒருவரை அப்பொறுப்பில் அமர்த்தி, அவர் சொல்லுக்கு மேலதிகாரி முதல் அனைவரும் கட்டுப்பட வேண்டும். அவ்விதத்தில் நாமே முதலில் கட்டுப்பட்டுக் காட்டிய பின்னர்தான் எமது கிளையில் அது நடைமுறைக்கு வந்தது.

வெளியேறும் வழி

பகட்டில் மறக்கப்படும் இன்னொன்று பாதுகாப்பு. 1997 ஜூன் 13 அன்று தில்லி உப்ஹார் திரையரங்கில் ஏற்பட்ட தீ விபத்தில் 59 பேர் உயிரிழந்தனர். கூடுதலாகப் போடப்பட்ட இருக்கைகள் வெளியேறும் வழியைத் தடுத்திருந்தன. மண்டபத்தை வாடகைக்கு எடுக்கும்போது உணவின் விலையைப் பேரம் பேசும் நாம், கதவுகள் எத்தனை, அவை பூட்டப்படாமல் இருக்குமா, எத்தனை பேர் வரை அனுமதி உண்டு என்று கேட்பதில்லை. கூட்டத்துக்கு முந்தைய நாள் நேரில் சென்று அவ்வழியே ஒருமுறை நடந்து பார்ப்பது பத்து நிமிட வேலை.

மங்களம்

கதகளி ‘தனாசி’ ஆடி நிறைவுறும். கச்சேரிக்கு மங்களம் உண்டு. நமது கூட்டங்களோ காலி நாற்காலிகளுக்கு நன்றி கூறிக் கலைகின்றன. எடுக்கப்பட்ட முடிவு என்ன, யார் பொறுப்பு, எந்த நாளுக்குள் என்ற மூன்றையும் உரக்கப் படித்துவிட்டு எழுவதே ஒரு கூட்டத்துக்குரிய மங்களம்.

‘அலுவல் கூட்டம் என்ன நாடகமா?’ என்று சிலர் கேட்கலாம். அன்று, பொழுதுபோக்க எவரும் அங்கு வருவதில்லை. ஆனால் நாடகம் பிடிக்காதவர் எழுந்து செல்லலாம். நம்மிடம் அலுவல் உள்ளவர் அவ்வாறு செல்ல முடியாது. ஆகவே கலைஞரைக் காட்டிலும் நமக்கே பொறுப்பு மிகுதி. இவ்வொழுங்கு எளியோருக்கு எட்டாததும் அன்று. 1992-இல் நபார்டு தொடங்கிவைத்த சுயஉதவிக் குழு – வங்கி இணைப்புத் திட்டத்தில், குழுக்களுக்குரிய ஐந்து நெறிகளுள் முதலாவது முறையான கூட்டம். மரத்தடியில் பாய் விரித்து, பணத்தை எல்லோர் முன்னிலையிலும் எண்ணி, ஏட்டில் எழுதி, ஒரு மணி நேரத்தில் கலைந்து செல்லும் மகளிரைப் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். நாம் கண்டவற்றுள் மிகச் சிறப்பாக நடந்த கூட்டங்கள் அவையே.

இப்போதெல்லாம் நமது வாடிக்கையாளர் கூட்டத்தில் வினாக்களே முதல் அலுவல். உரைகள் அதன் பின்னரே. தையற்கூடம் நடத்தும் அப்பெண்மணி அடுத்த கூட்டத்துக்கும் வந்தார். முதல் வினா அவருடையது. கடைசிப் பேருந்துக்கு வெகு நேரம் முன்பே, விண்ணப்பப் படிவத்தோடு அவர் வீடு திரும்பினார்.