காலில் இறங்கிய பால்

எங்கள் தங்கைக்குச் சிசேரியன் முடிந்து ஏழாம் நாள் இரவு அது. முந்தைய நாள்தான் வீடு திரும்பியிருந்தாள். குழந்தை உறங்கிய பிறகும் அவள் உறங்காமல், துணி தைக்கும் டேப்பை எடுத்து இரு கெண்டைக்கால்களையும் மாற்றி மாற்றி அளந்துகொண்டிருந்தாள். இடது கால் சற்றுப் பெருத்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது. "பிள்ள பெத்த ஒடம்பு அப்பிடித்தான் இருக்கும். தண்ணியக் கொறச்சுக் குடி, எந்திரிச்சு நடக்காம கால நீட்டிப் படு" என்றார் அத்தை. மருத்துவமனைக்குத் தொலைபேசியபோது, "தையல் வலிதாம்மா, மாத்திரையப் போட்டுட்டுத் தூங்குங்க" என்று பதில் வந்தது. இரண்டு நாள் கழித்து, அவள் அழுது பிடிவாதம் பிடித்ததால் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். இரத்த உறைவு எதுவும் இல்லை. "பார்த்தாயா, வீண் பயம்" என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் சொன்னோம். சொன்னது தவறென்று பின்னர் உணர்ந்ததாலேயே இதை எழுதுகிறோம்.

அந்தப் பயம் வீணா? இரத்தம் நாளத்துக்குள் உறைவதற்கான காரணங்களை 1856ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ ஆராய்ந்தார். இன்று அவர் பெயரால் மூன்று காரணங்கள் கற்பிக்கப்படுகின்றன: ஓட்டம் மந்தமாதல், நாளத்தின் சுவர் காயப்படுதல், இரத்தமே உறையும் இயல்பு மிகுதல். பேறுகாலத்தில் உதிரப்போக்கைத் தாங்கும்பொருட்டு இயற்கையே தாயின் இரத்தத்தில் உறையும் ஆற்றலைக் கூட்டிவைக்கிறது. வளர்ந்த கருப்பை இடுப்பிலுள்ள நாளங்களை அழுத்துகிறது. உடலமைப்பின் காரணமாக இடது காலுக்கே இதில் பாதிப்பு அதிகம். அதன்மேல் அறுவையின் காயமும் படுக்கையும் சேர்ந்துகொண்டால், மூன்று காரணங்களும் ஒரே உடலில் கூடிவிடுகின்றன. ஆயிரம் பேறுகளில் ஒன்றிரண்டில்தான் இது நேர்கிறது என்பது உண்மை. ஆனால் காலில் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் சில மணி நேரத்தில் உயிர் போகக்கூடும் என்பதும் உண்மை. பிறப்புக்குப் பிந்தைய ஆறு வாரங்களே மிகவும் ஆபத்தானவை. எங்கள் தங்கை அஞ்சியது சரியான காலத்தில், சரியான காலைப் பற்றித்தான்.

இந்நோய்க்கு ஐரோப்பாவில் ஒரு பழைய பெயருண்டு: 'பால்கால்'. பிள்ளை பெற்றவளின் கால் வெளுத்து வீங்கினால், மார்புக்குப் போகவேண்டிய பால் வழிதவறிக் காலில் இறங்கிவிட்டது என்று மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினர். 1823இல் லண்டனில் டேவிட் டேவிஸ் என்ற மருத்துவர், இறந்த பெண்களின் உடலைத் திறந்து பார்த்து, நாளங்களை அடைத்திருப்பது உறைந்த இரத்தமே என்று காட்டினார். உவமை அழகானதுதான். ஆனால் பெண்ணின் உடலில் எது நேர்ந்தாலும் அதைத் தாய்மையின் கணக்கில் எழுதிவிடும் பழக்கத்துக்கு அந்தப் பெயரே சாட்சி. "பிள்ள பெத்த ஒடம்பு அப்பிடித்தான்" என்பதும் அந்த மரபில் வந்த வாசகம்தானே?

இதைப் படிப்பறிவின்மையின் விளைவு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017 செப்டம்பர் 1 அன்று சிசேரியன் மூலம் மகளைப் பெற்றார். 2011இலேயே நுரையீரலில் இரத்த உறைவு கண்டு பிழைத்தவர் அவர். மறுநாள் மூச்சுத் திணறியதும், தனக்கு என்ன ஆகிறது என்பதை உணர்ந்து, சி.டி. ஸ்கேனும் ஹெபாரினும் வேண்டுமென்று தாமே கேட்டார். வலிமருந்தின் மயக்கத்தில் பேசுவதாகச் செவிலியர் எண்ணினார். முதலில் கால்களை மட்டும் ஸ்கேன் செய்தார்கள், எதுவும் தென்படவில்லை. அவர் விடாமல் வற்புறுத்திய பிறகே சி.டி. எடுக்கப்பட்டது, நுரையீரலில் பல சிறு கட்டிகள் இருந்தன. இருமி இருமித் தையல் பிரிந்தது; மீண்டும் அறுவை, ஆறு வாரப் படுக்கை. இருபத்துமூன்று கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை வென்றவரின் சொல்லே முதலில் ஏறவில்லை என்றால், மாமியார் வீட்டுக் கட்டிலில் கிடப்பவளின் சொல் எங்கே ஏறும்? அமெரிக்காவில் பேறு தொடர்பான காரணங்களால் இறக்கும் கறுப்பினப் பெண்களின் விகிதம் வெள்ளையினப் பெண்களைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதையும் இதனுடன் சேர்த்தே படிக்கவேண்டும்.

அச்சத்தைச் செவிமடுப்பதால் பயனுண்டா என்று கேட்பவர்களுக்குப் பிரிட்டனின் அனுபவத்தைச் சுட்டலாம். அங்கே 2003-05 காலத்தில் இரத்த உறைவால் இறந்த தாய்மார்கள் 41 பேர். மகப்பேறு மருத்துவர்களுக்கான வழிகாட்டுதல் 2004இல் வந்த பின், 2006-08 காலத்தில் அது 18ஆகக் குறைந்தது. அதிசய மருந்தேதும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஒவ்வொரு தாயின் வயது, எடை, அறுவை, முன்வரலாறு ஆகியவற்றைக் கணக்கிட்டு, தேவைப்படுவோருக்கு ஹெபாரின் ஊசி போட்டார்கள். சீக்கிரமே எழுப்பி நடக்கவைத்தார்கள். அந்த ஊசி தாய்ப்பாலில் பொருட்படுத்தும் அளவு கலப்பதில்லை என்பதால் குழந்தைக்கும் கேடில்லை.

தமிழ்நாட்டில் 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேறுகள் சிசேரியன். பேறு மாறிவிட்டது, நம் பத்தியம் மாறவில்லை. பத்தியத்தை நாம் முற்றாகப் பழிக்கவில்லை. தாய்க்கு ஓய்வும் நல்லுணவும், பிள்ளையை ஏந்த நான்கு கைகளும் தந்த ஏற்பாடு அது. ஆனால் தண்ணீரைக் குறைப்பதும் கட்டிலோடு கிடத்துவதும் அறுவை முடிந்த உடலுக்குப் பொருந்தா. ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சுட்டால், அல்லது திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ காத்திராமல் மருத்துவரிடம் செல்வதே முறை.

காதலுக்கும் போருக்கும் கிடைத்த இடம் இலக்கியத்தில் நோய்க்குக் கிடைக்கவில்லை என்று வர்ஜீனியா வுல்ஃப் 1926இல் ஒரு கட்டுரையில் வியந்தார். நம்மிடமும் மசக்கைக்குச் சொல் உண்டு, தலைச்சனுக்குச் சொல் உண்டு. பிள்ளை பெற்ற பின் இரவில் தன் காலையே அளந்துகொண்டிருக்கும் பெண்ணின் நிலைக்கு 'பயம்' என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. அந்தச் சொல்லும் அவளை வாயடைக்கவே பயன்படுகிறது.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பதால் அவள் கேட்டது தவறாகிவிடாது. பூட்டிய கதவை இன்னொருமுறை இழுத்துப் பார்ப்பவரை நாம் பைத்தியம் என்பதில்லை. எங்கள் தங்கையிடம் இதை நாங்கள் இன்னும் நேரில் சொல்லவில்லை. இதைப் படித்தாவது அவள் அறிந்துகொள்ளட்டும்.