எந்த மென்பொருள் சிறந்தது?

நம் விடுதிகளில் இரவு நேரத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கணினி முன் அமர்ந்திருப்பவர்கள் எல்லாரும் பாடம் படிப்பவர்கள் அல்லர். சிலர் இசை ஆக்குகிறார்கள். மகிழத்தக்க செய்திதான். ஆனால், “எந்தப் பாட்டை முடித்தீர்கள்?” என்று கேட்டால் மௌனமே பதில், “எந்த மென்பொருள் சிறந்தது?” என்று கேட்டாலோ பொழுது விடியும் வரை பேச்சு! இந்த நிலை மாறவேண்டும் என்பதே என் கருத்து.

கருவி பெருகினால் கலை பெருகும் என்பதற்கு வரலாறு சான்று தரவில்லை. 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் டேவிட் டியூடர் என்னும் அமெரிக்க இசைவாணர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார். கம்பிகளைச் செருகிச் செருகித்தான் அதில் ஒலியை உண்டாக்கவேண்டும். 1972 வரை அங்கே பதிவான இசை, 2023-இல் தொகுப்பாக வெளிவந்து உலகை வியக்க வைத்தது. 1982-இல் பம்பாயில் சரண்ஜித் சிங் ரோலண்ட் கருவிகள் மூன்றைக் கொண்டு பத்து இராகங்களை வாசித்து இசைத்தட்டாக்கினார். அன்று அதைப் பொருட்படுத்தியவர் சிலரே; 2010-இல் மறுபதிப்பு வந்தபின்தான் அதன் அருமை புரிந்தது. இவர்களிடம் ஆயிரம் ஒலிகள் குவிந்திருக்கவில்லை. இருந்ததை முற்றக் கற்றார்கள்.

“பெரிய இசையமைப்பாளர் பயன்படுத்தும் மென்பொருளே எனக்கும் வேண்டும்” என்கிறார் ஒரு நண்பர். விலையைக் கேட்டதும் திருட்டுப் பிரதியைத் தேடுகிறார். பணமில்லாத மாணவன் வேறென்ன செய்வான் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் விடையும் உண்டு. எல்.எம்.எம்.எஸ். முற்றிலும் இலவசம். ஆப்பிள் கணினி உடையவருக்குக் கராஜ்பேண்ட் விலையின்றிக் கிடைக்கிறது. ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு பயின்று பார்க்கலாம். சர்ஜ் என்னும் சிந்தசைசர் 2018 முதல் திறந்த மூலமாக வழங்கப்படுகிறது. இவ்வளவு இருக்கத் திருடுவானேன்? திருட்டுப் பிரதியோடு நச்சு நிரலும் நுழையக்கூடும். அதே கணினியில்தான் நம் ஆய்வேட்டின் அளவீடுகளும் இருக்கின்றன என்பதை மறக்கலாமா?

இனி, தமிழராகிய நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இந்த மென்பொருளில் நம் சுரம் அசையுமா? பெரும்பாலான மென்பொருள்களின் திரையில் சுரங்கள் கட்டம் கட்டமாக, செங்கல் அடுக்கியதுபோல நிற்கின்றன. ஒரு ஸ்தாயியை 12 சம பங்காக்கிய அளவு அது. பௌதிகக் கணக்குப்படி 5:4 என்ற விகிதத்தில் பிறக்கும் அந்தர காந்தாரம் சட்ஜத்திலிருந்து ஏறத்தாழ 386 சென்ட் தொலைவிலுள்ளது. கட்டத்தில் அது 400. இந்த 14 சென்ட் வேறுபாட்டைத் தம்புராவோடு பழகிய காது அறியும். கமகமோ கட்டங்களுக்கு இடையிலேயே வாழ்வது.

இதற்கும் வழியில்லாமல் இல்லை. 1983-இல் வந்த மிடி முறையிலேயே சுரத்தை வளைக்க 16,384 படிகள் உண்டு. சுர அளவையே மாற்றிக்கொள்ளச் சர்ஜ் இடம் தருகிறது. ஆகவே, மென்பொருளைத் தேர்ந்தெடுக்குமுன் தோடியின் ஒரு சிறு பிடியை அதில் வரைந்து பாருங்கள். வளையத் தெரிந்த கருவியை வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஓராண்டுக்கு வேறொன்றைத் தேடாதீர்கள்.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குக்கு எதற்கு என்று சிலர் நகைக்கலாம். ஊரைவிட்டு வந்த நமக்கு நாதசுர ஒலியும் பறையொலியும் தெருவில் கேட்பதில்லை. காதில் எஞ்சியிருப்பதையும் யாரோ அடுக்கிவைத்த ஆயத்தத் துண்டுகளால் நிரப்பிவிட்டால், நாம் ஆக்கும் இசை எவ்வூர்க்காரனும் ஆக்கக்கூடிய இசையாகவே முடியும். பொழுதைப் போக்கவந்த கலை நம் காதையும் அல்லவா போக்கிவிடும்?

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் பொங்கல் விழாவில் திரைப்பாடலின் பின்னணி இசையை ஓடவிட்டு அதன்மேல் பாடுவதோடு நிறுத்தவேண்டாம். மாணவர் தாமே ஆக்கிய மூன்று நிமிட இசைக்கும் மேடையில் இடம் கொடுங்கள். நிபந்தனை இரண்டு போதும்: மென்பொருள் நேர்வழியில் வந்ததாக இருக்கவேண்டும், பாட்டு முடிந்ததாக இருக்கவேண்டும்.