செஞ்சியைப் பிடித்தவர் வாரிசு... ஹிட்லரை எதிர்த்த நூர்!

அனந்தபுரம்காரர்களுக்குச் செஞ்சிக்கோட்டை பக்கத்து வீடு மாதிரி. தேசிங்கு ராஜா கதை அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே கோட்டையை 1780-ல் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தது ஹைதர் அலியின் படை. அவர் மகன் திப்புவின் வம்சத்தில் வந்த ஒரு பெண், பிற்பாடு ஆங்கிலேயருக்காகவே உளவு வேலைக்குப் போனார் என்பதுதான் ஆச்சர்யம்!

நூர் இனாயத் கான். 1914-ல் மாஸ்கோவில் பிறந்தவர். அப்பா பரோடாவைச் சேர்ந்த சூஃபி இசைக்கலைஞர், அம்மா அமெரிக்கர். பாரிஸில் வளர்ந்தார். புத்த ஜாதகக் கதைகளைக் குழந்தைகளுக்காக எழுதியவர். துப்பாக்கிக்கும் அவருக்கும் ஏக தூரம்.

1943 ஜூனில், ஜெர்மனியின் பிடியில் இருந்த பிரான்ஸுக்கு பிரிட்டன் அவரை ரகசியமாக அனுப்பியது. அப்படிப் போன முதல் பெண் வயர்லெஸ் ஆபரேட்டர் நூர்தான். எதிர்ப்பு இயக்கத்தின் தகவல்களை லண்டனுக்கு அனுப்ப வேண்டும். சிக்னலை மோப்பம் பிடித்தே ஆளை அமுக்கிவிடுவார்கள். ஆறு வாரம் தாக்குப்பிடித்தாலே பெரிது. போன சில நாள்களிலேயே கூட்டாளிகள் வரிசையாகச் சிக்க, 'திரும்பி வா' என்றது லண்டன். மறுத்துவிட்டார். கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாறி, அக்டோபர் வரை சமாளித்தார்.

யாரோ காட்டிக்கொடுத்தார்கள். அனுப்பிய செய்திகளை நோட்டில் எழுதிவைத்திருந்தது அவர் செய்த பெரிய பிழை. அதை வைத்தே ஜெர்மானியர்கள் லண்டனை ஏமாற்றினார்கள். ஆனால், நூர் வாயைத் திறக்கவில்லை. இரண்டு முறை தப்பிக்க முயன்றார். பிறகு பத்து மாதம் சங்கிலியில்.

1944 செப்டம்பர் 13, டாஹாவ் வதைமுகாமில் சுட்டுக் கொன்றார்கள். வயது 30.

1949-ல் ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தது பிரிட்டன். லண்டன் கார்டன் சதுக்கத்தில் அவருக்குச் சிலை வைக்க 2012 வரை ஆனது.